பலகைக்குக் கீழே பனி: கூடைப்பந்தின் சரிவில் ஐஸ் ஹாக்கிக்கு என்ன பாடம்?

1994 ஜூன் 12, ஞாயிறு இரவு. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் என்பிஏ கூடைப்பந்து இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டம் முடிகிறது. உள்ளூர் அணியான நிக்ஸ், ஹூஸ்டன் ராக்கெட்ஸிடம் தோற்றுவிட்டது. இனி பணியாளர்களின் வேலை. மரப்பலகைகளைக் கழற்றி அடுக்க வேண்டும். அதற்குக் கீழே குளிரைத் தடுக்கும் தட்டிகள். அவற்றையும் எடுத்தால் பனித்தளம். இரண்டு நாள் கழித்து, செவ்வாய் இரவு, அந்தப் பனியில் அதே ஊரின் ஐஸ் ஹாக்கி அணியான ரேஞ்சர்ஸ், வான்கூவர் கனக்ஸை 3-2 என்று வென்று ஹாக்கியின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது. 1940க்குப் பிறகு 54 ஆண்டுகள் அந்த ஊர் காத்துக் கிடந்த கோப்பை. மறுநாளே பனியின் மேல் பலகை ஏறியது. நிக்ஸ் நான்காவது ஆட்டம் ஆடியது.

கோவில்பட்டியில் ஹாக்கி என்றால் வேறு ஆட்டம். இங்கே நான் பேசுவது வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கியை, அதை நடத்தும் என்ஹெச்எல் லீக்கை. என்ஹெச்எல்லும் என்பிஏவும் வெறும் போட்டியாளர்கள் அல்ல, ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள். நியூயார்க், பாஸ்டன், சிகாகோ, டல்லாஸ், டென்வர், நான் இருக்கும் டொராண்டோ என்று பத்துக்கும் மேற்பட்ட நகரங்களில் இரண்டு ஆட்டமும் ஒரே அரங்கில் நடக்கின்றன. இரண்டுக்கும் சீசன் ஒன்று. இரண்டும் ஏங்குவது ஒரே குளிர்கால இரவுகளுக்காக.

அந்த 1994 ஜூனில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ், ஹாக்கி ஏன் சூடு பிடித்திருக்கிறது, கூடைப்பந்து ஏன் ஆறிப்போனது என்று அட்டையிலேயே போட்டது. அப்போது அது மிகையாகவும் தெரியவில்லை. என்பிஏவின் பெரும் நட்சத்திரமான மைக்கேல் ஜோர்டன் முந்தைய அக்டோபரில் ஓய்வு அறிவித்து பேஸ்பால் ஆடப் போயிருந்தார். நிக்ஸ்-ராக்கெட்ஸ் தொடர் ஏழு ஆட்டம் போயும் ஒரு அணிகூட ஒருமுறையேனும் நூறு புள்ளியைத் தொடவில்லை. தள்ளுமுள்ளும் தடுப்புமாகவே நகர்ந்தது. ஐந்தாவது ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது கொலை வழக்கில் தேடப்பட்ட முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்ஸனின் வெள்ளை வண்டியைப் போலீஸ் துரத்தியது. என்பிசி தொலைக்காட்சி அந்தத் துரத்தலைப் பெரிதாகவும் இறுதித் தொடரைத் திரையின் ஓரத்திலும் காட்டியது.

ஹாக்கி என்ன செய்தது? 1994 அக்டோபர் 1 அன்று அணி உரிமையாளர்கள் கதவடைப்பு அறிவித்தார்கள். மூன்று மாதத்துக்கு மேல் பனித்தளங்கள் காலியாகக் கிடந்தன. ஜனவரியில் தொடங்கிய சீசன் 48 ஆட்டங்களாகச் சுருங்கியது. கோப்பையை வென்ற நியூ ஜெர்சி டெவில்ஸ், எதிரணி நடுக்களத்தைத் தாண்டாமல் வலைபோல் அடைத்து ஆடும் முறையால் வென்றது. இதற்கிடையே 1995 மார்ச்சில் ஜோர்டன் திரும்பி வந்தார். பக்கத்து அறைக்காரர் வழுக்கி விழுந்த அந்த ஒரே குளிர்காலத்தில் ஹாக்கி தன் கதவைத் தானே பூட்டிக்கொண்டது.

இந்த ஆய்வை 1994இல் தொடங்கக் காரணம் இருக்கிறது. கடந்த சில ஆண்டுகளாகக் கூடைப்பந்தின் சரிவைப் பற்றி மறுபடி பேசுகிறார்கள். ஹாக்கி ரசிகர்களிடம் ஒரு மெல்லிய மகிழ்ச்சியையும் பார்க்கிறேன். மகிழ வேண்டிய இடம் இது அல்ல. என்பிஏவை அரித்த ஒவ்வொன்றும் ஹாக்கியிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. சிலவற்றை ஹாக்கி முன்பே அனுபவித்திருக்கிறது. என்பிஏ இழந்தது தன் ஆட்டத்தின் அழகை அல்ல. "இன்று இரவு இதைப் பார்க்காவிட்டால் ஒன்றை இழப்போம்" என்று ரசிகருக்கு இருந்த நம்பிக்கையைத்தான் அது இழந்தது. என் கட்சி இதுதான்.

எது சரிந்தது, எது சரியவில்லை

1998 ஜூன் 14. ஜோர்டன் சிகாகோவுக்காகக் கடைசியாக ஆடிய ஆட்டத்தை அமெரிக்காவில் சராசரியாக 3 கோடியே 59 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்த இறுதித் தொடர் முழுவதற்கும் சராசரி 2 கோடியே 90 லட்சம். அடுத்த ஆண்டு ஜோர்டன் இல்லை. கதவடைப்பால் சீசனும் 50 ஆட்டமாகக் குறைந்தது. இறுதித் தொடரின் சராசரி 1 கோடியே 60 லட்சத்துக்கு இறங்கியது. 2003இல் ஒரு கோடிக்கும் கீழே, 2007இல் 93 லட்சம். பிறகு லெப்ரான் ஜேம்ஸும் ஸ்டீபன் கறியும் நேருக்கு நேர் மோதிய ஆண்டுகளில் மீண்டது: 2017இல் 2 கோடியே 4 லட்சம். மறுபடி இறக்கம். கோவிட் காலத்தில் ஆர்லாண்டோவில் பூட்டிய அரங்கில் நடந்த 2020 தொடர் 75 லட்சத்துக்குப் போனது. 2024இல் 1 கோடியே 13 லட்சம், 2025இல் 1 கோடியே 3 லட்சம்.

இந்த எண்களைக் காட்டி என்பிஏ செத்துவிட்டது என்பவர்களோடு நான் சேரவில்லை. கேபிள் இணைப்பைத் துண்டிக்கும் குடும்பங்கள் கூடக் கூட, அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் நீங்கலாக ஏறக்குறைய எல்லா நிகழ்ச்சியும் பார்வையாளர்களை இழந்திருக்கிறது. பார்வையாளர்களை அளக்கும் முறையை நீல்சன் நிறுவனமும் மாற்றிக்கொண்டே வருகிறது. என்பிஏ அரங்குகள் நிறைந்தே இருக்கின்றன. இன்னொன்றையும் ஹாக்கிக்காரர்கள் நேராகப் பார்க்க வேண்டும். 2025இல் சரிந்த கூடைப்பந்தின் இறுதித் தொடரை ஒரு கோடிக்கு மேல் பார்த்தபோது, ஃபுளோரிடா பாந்தர்ஸும் எட்மண்டன் ஆயிலர்ஸும் மோதிய ஸ்டான்லி கோப்பை இறுதிக்கு அமெரிக்காவில் கிடைத்த சராசரி ஏறத்தாழ 25 லட்சம்தான். பக்கத்து வீட்டு மாடி இடிகிறது என்று சிரிப்பவர் தரைத்தளத்தில் இருக்கிறார்.

பணமும் சரியவில்லை, பல மடங்கு ஏறியது. 2016-17 முதல் ஒன்பது ஆண்டுகளுக்கு 2,400 கோடி டாலராக இருந்த என்பிஏ ஒளிபரப்பு ஒப்பந்தம், 2025-26 முதல் 11 ஆண்டுகளுக்குச் சுமார் 7,600 கோடி டாலர். டிஸ்னி, என்பிசி, அமேசான் மூவரும் பங்கிட்டுக்கொண்டார்கள். நேரலை விளையாட்டைத் தவிர வேறு எதற்கும் மக்களைக் குறித்த நேரத்தில் திரை முன் உட்கார வைக்க முடியாது என்பதால் விலை ஏறியது. பார்ப்பவர் குறைந்துகொண்டிருக்க வருமானம் கூடினால், நோய் இருப்பது நிர்வாகத்துக்கு உறைக்காது. காய்ச்சலை மறைக்கும் மருந்துபோல அந்தப் பணம் வேலை செய்கிறது. ஹாக்கியிலும் இதே மயக்கம் தொடங்கியிருக்கிறது. கனடாவில் ரோஜர்ஸ் நிறுவனம் 520 கோடி கனடிய டாலருக்கு வாங்கிய 12 ஆண்டு உரிமையை, அடுத்த 12 ஆண்டுக்கு 1,100 கோடிக்குப் புதுப்பித்திருக்கிறது. அணிகளின் ஊதிய உச்சவரம்பு 2024-25இல் 8.8 கோடி டாலர், 2027-28இல் 11.35 கோடியைத் தொடப்போகிறது. ஆனால் என்பிஏவோடு ஒப்பிட்டால் என்ஹெச்எல் டிக்கெட் விற்பனையை நம்பியே பிழைக்கிறது. அரங்குக்கு வரும் மனிதர் சலித்துப்போனால் அதைத் தாங்கத் தொலைக்காட்சிப் பணம் போதாது.

எல்லா இரவும் ஒரே இரவு

கூடைப்பந்தில், வெளியிலிருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி தரும் கோடு என்பிஏவுக்கு வந்தது 1979-80இல். அப்போது ஒரு அணி ஒரு ஆட்டத்தில் மூன்று முறைகூட அங்கிருந்து வீசவில்லை. 2011-12இல் 18 முறை. 2024-25இல் 37 முறைக்கும் மேல். கணக்கு எளியது. கோட்டுக்கு வெளியிலிருந்து நூறு வீச்சில் 36 விழுந்தால் 108 புள்ளி. கோட்டுக்குச் சற்று உள்ளே நின்று நூறில் 40 போட்டாலும் 80தான். இதைக் கண்டுகொண்ட பயிற்சியாளருக்கு நடுத்தூர வீச்சு வீண் செலவு. ஒருவர் கண்டுகொண்டால் முப்பது அணிகளும் அதையே செய்யும். 2018 மே மாதம் ஹூஸ்டன் ராக்கெட்ஸ், கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் தொடர்ச்சியாக 27 மூன்று புள்ளி வீச்சுகளைத் தவறவிட்டது. தவறிய பிறகும் வீசிக்கொண்டே இருந்தது. கணக்குப்படி அவர்கள் செய்தது சரி என்பதுதான் வேதனை. 2024-25இல் பாஸ்டன் செல்டிக்ஸ் தன் வீச்சுகளில் பாதிக்கு மேல் கோட்டுக்கு வெளியிலிருந்தே எடுத்தது.

மூன்று புள்ளி வீச்சு அழகற்றது என்று நான் சொல்லவில்லை. ஸ்டீபன் கறி பந்தைக் கையிலிருந்து விடும் அந்த நொடி எனக்கும் மூச்சடைக்கும். ஆனால் ஒரு காலத்தில் லேக்கர்ஸ் ஆடியதும் டெட்ராய்ட் ஆடியதும் இரண்டு தனி மொழிகள். ஒரு அணி ஓடும், ஒரு அணி இடிக்கும். கூடைக்கு முதுகைக் காட்டி நின்று ஆடும் பெரிய உருவமும், அவர் காலுக்கடியில் புகுந்து ஓடும் சின்ன உருவமும் ஒரே களத்தில் இருந்தன. இன்று சேனலைத் திருப்பினால் சட்டையின் நிறத்தை வைத்துத்தான் அணியை அடையாளம் காண வேண்டியிருக்கிறது. செவ்வாய் இரவு பார்த்ததையே வியாழன் இரவும் பார்ப்பதற்கு ஏன் உட்கார வேண்டும்?

இந்த நோயை ஹாக்கி முன்பே அனுபவித்தது. டெவில்ஸின் அடைப்பு முறை கோப்பை வென்றதும் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பக் எனும் அந்த ரப்பர் வில்லை நடுக்களத்திலேயே செத்துக் கிடந்தது. வேகமாக வருபவரைக் கட்டிப் பிடிப்பதும் மட்டையைக் குறுக்கே போட்டு இழுப்பதும் விசில் இல்லாமல் கடந்தன. 1992-93இல் இரு அணிகளும் சேர்ந்து ஒரு ஆட்டத்துக்கு ஏழுக்கு மேல் கோல் போட்டார்கள். 2003-04இல் ஐந்துக்குச் சற்று மேல். அதற்கடுத்த சீசன் நடக்கவே இல்லை: ஊதிய உச்சவரம்புச் சண்டையில் 2005 பிப்ரவரி 16 அன்று முழு சீசனும் ரத்து.

அந்தப் பாழ் ஆண்டில் ஒரு நல்ல காரியம் நடந்தது. 2004 டிசம்பரில் பிரெண்டன் ஷனஹன் என்ற வீரர், வேலையில்லாமல் வீட்டிலிருந்த காலத்தில், வீரர்களையும் பயிற்சியாளர்களையும் நடுவர்களையும் ஒளிபரப்பாளர்களையும் டொராண்டோவில் ஒரே அறையில் உட்கார வைத்தார். ஆட்டத்தை எப்படி அவிழ்த்துவிடுவது என்று பேசினார்கள். 2005இல் ஹாக்கி திரும்பியபோது இரண்டு கோடு தாண்டும் நீண்ட பாஸுக்குத் தடை நீங்கியிருந்தது, கோல்கீப்பரின் கால் கவசத் திண்டுகள் சுருங்கியிருந்தன, பிடித்து இழுப்பதற்கு நடுவர் தயவில்லாமல் தண்டனை தந்தார். அந்த ஆண்டே கோல்கள் ஆறைத் தாண்டின. 2022-23இல் இன்னும் மேலே போயின.

ஆனால் பயிற்சியாளர்கள் தூங்குவதில்லை. என்பிஏவும் ஒரு காலத்தில் இதே துணிவோடுதான் விதியை மாற்றியது. 2001இல், ஆளுக்கு ஆள் அல்லாமல் இடத்தைக் காக்கும் மண்டலத் தடுப்பை அனுமதித்தது, 2004இல் பந்து வைத்திருப்பவரைக் கையால் தடுப்பதைக் கண்டிப்பாக நிறுத்தியது. அந்த மருந்தால் வெளிவட்டம் திறந்தது. திறந்த வெளிவட்டத்தில்தான் மூன்று புள்ளி வெள்ளம் புகுந்தது. ஹாக்கியில் இப்போது அப்படி ஒரு இடம், கூடுதல் நேரம். 2015-16இல் மூவருக்கு மூவர் என்று மாற்றியதும் இரு பக்கமும் மாறி மாறிப் பாய்ந்தார்கள். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து பார்த்த நாட்கள் அவை. பக்கை விட்டுத்தராமல் பின்வாங்கிச் சுற்றிச் சுற்றி வந்தால் ஆபத்து குறைவு என்று அணிகள் இப்போது கற்றுக்கொண்டுவிட்டன. ஐந்து நிமிடத்தில் பாதி அந்தச் சுற்றலிலேயே கழிகிறது. நடுக்களத்தைத் தாண்டிய பக்கைத் திருப்பிப் பின்னால் கொண்டுபோகக் கூடாது என்ற ஒரு வரி விதி போதும். வெள்ளம் தலைக்கு மேல் போகும்வரை என்பிஏ காத்திருந்ததுபோல ஹாக்கி காத்திருக்க வேண்டாம்.

ஒரே வாரத்தில் இரண்டு விழா

2025 பிப்ரவரி 16, ஞாயிறு. சான் ஃபிரான்சிஸ்கோவில் என்பிஏ ஆல்-ஸ்டார் ஆட்டம், நட்சத்திர வீரர்களைக் கூட்டி ஆண்டுதோறும் நடத்தும் காட்சி ஆட்டம். முந்தைய ஆண்டு 211-186 என்று முடிந்து, தடுக்க ஒருவரும் கையை உயர்த்தாத அவமானம் எல்லார் மனத்திலும் இருந்தது. அதனால் நான்கு அணிகள், நாற்பது புள்ளி எட்டினால் வெற்றி என்று புது வடிவம். லெப்ரான் காயம் என்று அன்றே விலகினார். ஆட்டத்தைவிட இடைவெளிகள் நீளமாக இருந்தன. இறுதி ஆட்டத்தின் நடுவே ஆட்டத்தை நிறுத்தி ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள். பார்த்தவர்கள் 47 லட்சம்.

அதற்கு முந்தைய இரவு மாண்ட்ரியல். அந்த ஆண்டு என்ஹெச்எல் தன் ஆல்-ஸ்டார் ஆட்டத்தையே கைவிட்டு, கனடா, அமெரிக்கா, ஸ்வீடன், ஃபின்லாந்து என்ற நான்கு நாட்டுப் போட்டியை வைத்தது. கனடா மீதான வரி மிரட்டலும் அதை அமெரிக்காவின் 51வது மாநிலம் ஆக்கும் பேச்சும் வாஷிங்டனிலிருந்து வந்துகொண்டிருந்த நாட்கள். அமெரிக்க தேசிய கீதத்தின்போது அரங்கம் கூச்சலிட்டது. பக் விழுந்தது, முதல் ஒன்பது விநாடிக்குள் மூன்று கைகலப்பு. அமெரிக்கா 3-1 என்று வென்றது. பிப்ரவரி 20 அன்று பாஸ்டனில் இறுதி ஆட்டம், கூடுதல் நேரத்தில் கானர் மெக்டேவிட் அடித்த கோலில் கனடாவுக்கு 3-2. அமெரிக்காவில் மட்டும் 93 லட்சம் பேர் பார்த்தார்கள்.

என் ஊரில் அன்று இரவு தெரு வெறிச்சோடிக் கிடந்தது. ஹாக்கி மட்டையைத் தொட்டறியாத என் போன்றவர்களும் உட்கார்ந்து பார்த்தோம்.

கைகலப்புதான் மக்களை இழுத்தது என்று சிலர் பாடம் படித்தார்கள். தவறான பாடம் என்பேன். அந்த அரசியல் சூட்டை ஒரு லீக் திட்டமிட்டுச் சமைக்க முடியாது, சமைக்கவும் கூடாது. இழுத்தது வேறு. உலகின் மிகச் சிறந்த வீரர்கள் தோற்றுவிடக் கூடாதே என்ற பயத்தோடு ஆடினார்கள். அடிபடும் இடத்தில் உடம்பை வைத்தார்கள். கனடா கோல்கீப்பர் ஜோர்டன் பின்னிங்டன் கூடுதல் நேரத்தில் தடுத்த ஒவ்வொரு பக்கும், ஒரு நாடே கூடத் தடுத்ததுபோல இருந்தது. விளையாடுபவருக்கு முக்கியம் என்றால் பார்ப்பவருக்கும் முக்கியம். என்பிஏவும் இதைப் புரிந்துகொண்டது. அடுத்த ஆண்டு ஆல்-ஸ்டாருக்கு அமெரிக்கா எதிர் உலகம் என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது.

ஆனால் அந்த 93 லட்சம் பேர் எங்கே போனார்கள்? நான்கு மாதத்தில் ஸ்டான்லி கோப்பை இறுதி வந்தபோது 25 லட்சம்தான் மிச்சம். அதே இரு அணிகள் 2024இல் மோதியபோது, ஏபிசி என்ற பொது அலைவரிசையில் காட்டியதால் 42 லட்சம் இருந்தது. 2025இல் அது டிஎன்டி என்ற கேபிள் சேனலின் முறை. பிப்ரவரியில் முதன்முறை ஹாக்கி பார்த்து மனம் பறிகொடுத்த ஒரு குடும்பத்துக்கு, ஜூனில் அதைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை ஆயிற்று.

எந்தச் சேனலில்?

என்பிஏவின் முதல் பெரிய சரிவில் ஜோர்டனின் ஓய்வைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். 2002இல் என்பிசியை விட்டு ஏபிசி, இஎஸ்பிஎன், டிஎன்டி என்று போனதில் பெரும்பாலான ஆட்டங்கள் கேபிளுக்குள் புகுந்ததைக் குறைவாகவே பேசுகிறார்கள். ஆண்டெனா வைத்திருந்த வீட்டுப் பையனுக்கு ஞாயிறு மதியக் கூடைப்பந்து பழக்கம் விட்டுப்போனது. பழக்கம்தான் ரசிகனை உண்டாக்குகிறது. ஒரு தலைமுறைக்கு அதை அறுத்தால் பிறகு பணம் கொட்டினாலும் ஒட்டாது. ஹாக்கி இன்னும் மோசமாகச் செய்தது. 2005இல் இஎஸ்பிஎன் விலகியதும், சைக்கிள் பந்தயத்துக்குப் பேர்போன ஓஎல்என் என்ற சின்னச் சேனலுக்குப் போனது. இஎஸ்பிஎன்னுக்குத் திரும்பவே 2021 ஆயிற்று.

உள்ளூர் விளையாட்டுக் கேபிள் சேனல்களை நடத்திய டைமண்ட் ஸ்போர்ட்ஸ் 2023 மார்ச்சில் திவாலானபோது, இரு லீகிலும் பல அணிகளின் உள்ளூர் ஒளிபரப்பு ஆட்டம் கண்டது. அந்த நெருக்கடியில் நல்லது ஒன்று பிறந்தது. கூடைப்பந்தில் ஃபீனிக்ஸ் சன்ஸ் கேபிளை விட்டு இலவச உள்ளூர் அலைவரிசைக்குப் போனது. ஹாக்கியில் வேகஸ் கோல்டன் நைட்ஸ் அதே ஆண்டு அதே வழியில் போனது. 2024இல் டல்லாஸ் ஸ்டார்ஸ் தன் உள்ளூர் ஆட்டங்களை ஒரு கைபேசிச் செயலியில் சந்தா இல்லாமல் காட்டத் தொடங்கியது. இந்த டல்லாஸ் முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன். இன்றைய கேபிள் காசை விட்டுக்கொடுத்து, பத்து வயதுப் பிள்ளையின் கண்ணை அது சம்பாதிக்கிறது. 32 அணிகளும் இதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. பின்பற்ற ஏன் இவ்வளவு தயக்கம் என்று எனக்குப் புரியவில்லை.

வீரர்களின் அரசியல் பேச்சுதான் என்பிஏ ரசிகர்களை விரட்டியது என்ற வாதமும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 2003, 2007 இறுதித் தொடர்கள் ஒரு கோடிக்குக் கீழே போனபோது அப்படிப் பேச்சே இல்லையே. சூதாட்டம் வேறு கதை. 2024 ஏப்ரலில் ஜொன்டே போர்ட்டர் என்ற வீரரை என்பிஏ ஆயுட்காலத்துக்கு விலக்கியது, தன் ஆட்டத்தைத் தானே பந்தயக்காரர்களுக்குச் சாதகமாக்கியதற்காக. ஹாக்கி வீரர்களின் தலைக்கவசத்திலும் தளத்தின் சுற்றுச்சுவரிலும் பந்தய விளம்பரங்கள் ஒளிரும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

கோட் போட்டு உட்கார்ந்த நட்சத்திரம்

2012 நவம்பர் 29 அன்று சான் அன்டோனியோ ஸ்பர்ஸ், மயாமியில் ஆட வேண்டிய தேசிய ஒளிபரப்பு ஆட்டத்துக்கு முன் டிம் டங்கன், டோனி பார்க்கர், மனு ஜினோபிலி, டேனி கிரீன் நால்வரையும் விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டது. லீக் 2.5 லட்சம் டாலர் அபராதம் போட்டது. பயிற்சியாளர் பாப்போவிச் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை: அவர்கள் வயதான கால்கள், நீண்ட சீசன். ஆனால் அடுத்த பத்தாண்டில் அந்த விதிவிலக்கே வழக்கமாகிவிட்டது. அப்பா மாதக் கணக்கில் சேமித்து வாங்கிய டிக்கெட்டில் பிள்ளை வந்து உட்கார்ந்தால், சுவரொட்டியில் இருக்கும் வீரர் கோட் போட்டுக்கொண்டு பெஞ்சில் இருப்பார். 2023இல்தான் என்பிஏ கடுமையான விதி வகுத்தது: ஓய்வுக்குக் கட்டுப்பாடு, 65 ஆட்டம் ஆடாதவருக்குப் பெரிய விருதுகள் இல்லை.

ஹாக்கியில் இந்த வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. அங்கே வலியோடு ஆடுவது பெருமை. 2013 இறுதித் தொடரில் பாஸ்டனின் பாட்ரிஸ் பெர்ஜரான் உடைந்த விலா எலும்போடு ஆடினார், முடிந்ததும் மருத்துவமனையில் சேர்ந்தார். இதை நான் கொண்டாட மாட்டேன். அப்படி ஆடவைப்பது ரசிகர் நம்பிக்கையைக் காக்கும் வழி அல்ல. உடம்பு தாங்கும் அளவுக்கு அட்டவணையைச் சுருக்குவதே வழி. இன்னொரு வேறுபாடும் ஹாக்கிக்குச் சாதகம். கூடைப்பந்து நட்சத்திரம் 48 நிமிடத்தில் 36 நிமிடம் களத்தில் நிற்பார். ஹாக்கியின் மிகச் சிறந்த முன்கள வீரர் 60இல் 22 நிமிடம் நின்றாலே அதிகம். ஒரு மனிதரை மட்டும் நம்பி ஹாக்கியை விற்க முடியாது. என்ஹெச்எல் தலைவர் கேரி பெட்மேன் 1993இல் வந்தபோது, என்பிஏ தலைவராக இருந்த டேவிட் ஸ்டெர்னின் கீழ் படித்த பாடங்களோடு வந்தார். நட்சத்திரத்தை முன்னிறுத்துவது அதில் ஒன்று. ஹாக்கிக்கு அது பாதிதான் பொருந்தும். மாண்ட்ரியல்-பாஸ்டன், எட்மண்டன்-கால்கரி என்று ஊருக்கு ஊர் பரம்பரையாக வரும் பகை, ஓய்வு பெறாத சொத்து.

யார் ஆடுகிறார்கள்

டொராண்டோவில் ராப்டர்ஸும் மேப்பிள் லீஃப்ஸும் ஒரே நிறுவனத்தின் அணிகள், ஒரே அரங்கு. லீஃப்ஸ் கடைசியாகக் கோப்பை வென்றது 1967இல். ராப்டர்ஸ் 2019இல் வென்றபோது தெருவில் இறங்கிய கூட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகள், சோமாலியப் பிள்ளைகள், பஞ்சாபிப் பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். காரணம் சிக்கலானதல்ல. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் எந்தப் பூங்காவிலும் ஒரு வளையம் இருக்கும். ஒரு பந்து போதும். ஹாக்கிக்குச் சறுக்குக் காலணி, கவசங்கள், மட்டை, தளத்து வாடகை, விடிகாலை ஐந்து மணிக்குக் கார். இரண்டு வேலை பார்க்கும் பெற்றோரால் ஆகாது. பார்வையாளரை இழந்த காலத்திலும் கூடைப்பந்து ஆடுபவர்களை இழக்கவில்லை. அதனால்தான் அது ஒவ்வொரு முறையும் மீள்கிறது. 2025-26இல் என்பிசிக்குத் திரும்பியதும் பார்வையாளர் ஏறினார்கள் என்றால், பூங்காக்களில் வளர்ந்த அந்தக் கூட்டம் ஏற்கெனவே காத்திருந்தது. ஹாக்கி சரிந்தால் அப்படித் தாங்கிப் பிடிக்க யார் இருக்கிறார்கள்?

எண்பத்து நான்கு

2025 ஜூலையில் உறுதியான புதிய ஒப்பந்தப்படி, 2026-27 முதல் என்ஹெச்எல் அணிகள் 82க்குப் பதில் 84 ஆட்டம் ஆடும். பயிற்சி ஆட்டங்கள் நான்காகக் குறையும். கூடைப்பந்தில் 82ஏ அதிகம் என்று பத்தாண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, ஹாக்கி கூட்டுகிறது. முன்பும் ஒருமுறை ஹாக்கி 84 ஆடியது: 1992-93இலும் 1993-94இலும். ரேஞ்சர்ஸ் கோப்பை தூக்கிய அதே சீசன். அப்போது கூடுதல் ஆட்டங்களை இரு அணிக்கும் சொந்தமில்லாத ஊர்களில் வைத்தார்கள்.

இம்முறை ஒரு நல்ல மாற்றம் உண்டு. கூடுகிற இரண்டும் சொந்தப் பிரிவுக்குள். ஒவ்வொரு அணியும் தன் பிரிவின் ஏழு அணிகளோடும் நான்கு முறை மோதும். 32 அணிகளுக்கும் சேர்த்தால் 1,312 ஆட்டம் 1,344 ஆகிறது, 32 இரவுகள் கூடுதல். எல்லாமே பக்கத்து ஊர்க்காரர்களின் சண்டை. அந்த 32ஐ வைத்துக்கொண்டு, கண்டம் கடந்து பறந்து வந்து இரண்டு நாளில் ஊர் திரும்பும் ஆட்டங்களில் நான்கைக் குறைத்திருந்தால் 80. வீரரின் முழங்காலுக்கும் ரசிகரின் பைக்கும் அதுவே நல்லது என்று நினைக்கிறேன். உரிமையாளர்கள் ஒப்ப மாட்டார்கள். ஒவ்வொரு ஆட்டமும் அவர்களுக்கு ஒரு இரவு வசூல். 1994 அக்டோபரிலும் அவர்கள் பார்த்தது வசூலைத்தான்.

வரும் ஜனவரியில் ஏதோ ஒரு செவ்வாய் இரவு, ராப்டர்ஸ் ஆட்டம் முடிந்து பலகைகளைக் கழற்றுவார்கள். மறுநாள் அந்தப் பனியில் லீஃப்ஸ், பஃபலோவோடு நான்காவது முறை மோதும் ஆட்டமாக இருக்கலாம். அதை இலவசமாக எங்கே பார்க்கலாம் என்று பக்கத்து வீட்டுச் சிறுவன் கேட்டால், சொல்ல இன்று என்னிடம் பதில் இல்லை.